பிக்ஸி நிறமாலையில் பொய்க்கோடுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

புரோட்டான் கற்றையால் மாதிரியைத் தாக்கி, அதிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காணும் முறையைச் சோதனைக்கூடங்களில் பிக்ஸி என்று அழைக்கிறோம். 1970-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்வென் யோஹான்சனும் அவருடைய குழுவினரும் மெல்லிய கார்பன் தாளில் மாதிரியை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். புரோட்டான் எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமானது. அதனால் எலக்ட்ரான் கற்றை எழுப்பும் அளவுக்கு அது பொருளுக்குள் தடைக்கதிர்களை (மின்துகள் வேகம் குறையும்போது எழும் எக்ஸ் கதிர்களை) எழுப்புவதில்லை. கதிர்களின் எண்ணிக்கையை ஆற்றலுக்கு எதிராக வரைந்த நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் முகடாக எழும். முகடுகளுக்கு அடியில் உள்ள பின்னணி தாழ்ந்து கிடப்பதால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் தனிமம்கூடத் தலைகாட்டுகிறது.

இந்த நுட்பமே ஆபத்தையும் கொண்டுவருகிறது. அளவில் சிறிய முகடு எதுவும் கண்ணில் படும் என்றால், பெரிய முகடுகளின் நிழல்களும் கண்ணில் படும். அறிக்கைகளில் நான் பார்க்கும் தவறான சுவடுத் தனிமங்களில் பெரும்பாலானவை மாதிரியில் ஏராளமாக இருக்கும் வேறொரு தனிமத்தின் நிழல்தான். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: இந்த முகடு தன் சொந்தக் காலில் நிற்கிறதா?

இங்கே சொல்வதெல்லாம் வழக்கமான ஏற்பாட்டுக்கு: 2 முதல் 3 எம்இவி புரோட்டான், சில நானோ ஆம்பியர் மின்னோட்டம், பெரிலியம் சாளரம் வைத்த சிலிக்கான் டிடெக்டர். (எம்இவி என்பது மெகா எலக்ட்ரான் வோல்ட், கேஇவி என்பது கிலோ எலக்ட்ரான் வோல்ட்.) புவனேசுவரம் இயற்பியல் நிறுவனத்தின் 3 மெகாவோல்ட் பெல்லட்ரான் போன்ற ஒரு முடுக்கியில் உங்களுக்குக் கற்றை நேரம் கிடைத்திருக்கிறது என்றால் அதன் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது. அதை வீணாக்காதிருக்க, மாதிரிக்குப் போகும் முன் மூன்று நிறமாலைகளை எடுத்துவிடுங்கள். ஒன்று, மாதிரியே இல்லாத வெற்றுச் சட்டத்தில். இரண்டாவது, மாதிரியைத் தாங்கும் தாள் அல்லது ஒட்டுநாடா மட்டும். மூன்றாவது, அளவு தெரிந்த தர மாதிரி. இவை இல்லாமல் வரும் நிறமாலையில் பழுது தேடுவது மிகக் கடினம்.

மாதிரி எதுவானாலும் தாமிரம், துத்தநாகம், இரும்பு வருகின்றன

முதலில் வெற்றுச் சட்டத்தின் நிறமாலையைப் பாருங்கள். கற்றை ஓட்டை வழியே எதையும் தொடாமல் போய்விட்டால் அதில் ஒன்றுமே இருக்கக்கூடாது. 8.05 கேஇவியில் தாமிரமும் 8.64-இல் துத்தநாகமும் சேர்ந்து நின்றால் பித்தளை எங்கோ அடிபடுகிறது என்று பொருள். பெரும்பாலும் மாதிரிப்பிடியோ, கற்றையைக் குறுக்கும் துளைத்தட்டோ. கற்றையின் மையம் சரியாக இருந்தாலும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம்போல் சிதறிய புரோட்டான்கள் இருக்கும். துளைத்தட்டின் விளிம்பில் உரசி வருபவை அவை. முதல் துளைத்தட்டுக்குப் பின்னால் அதைவிடச் சற்றே பெரிய இரண்டாவது தட்டை வைத்தால் அந்த வட்டம் வெட்டுப்படும்.

வெற்றுச் சட்டம் சுத்தமாக இருந்து, மாதிரியை வைத்ததும் இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் ஒன்றாக எழுந்தால் அது துருப்பிடிக்கா எஃகு. மாதிரியிலிருந்து பின்னோக்கிச் சிதறும் புரோட்டான்கள் அறையின் சுவரைத் தாக்குகின்றன. டிடெக்டரின் பார்வைக்குள் வரும் சுவர்ப்பகுதியைக் கிராஃபைட்டால் மூடுங்கள். டிடெக்டரின் முன்னால் கிராஃபைட் மூக்கு ஒன்றை மாட்டினால் அது மாதிரியை மட்டுமே பார்க்கும்.

இந்த இரண்டு காரணமும் இல்லையென்றால் மாசு மாதிரியோடு வந்திருக்கிறது. எஃகுக் கத்தியால் நறுக்கிய இலை இரும்பையும் குரோமியத்தையும் சுமந்து வரும். ரப்பர் கையுறை துத்தநாகத்தைக் கொடுக்கும், ஏனெனில் ரப்பரைக் கெட்டிப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். வெறுங்கையால் தொட்டால் சோடியம், குளோரின், பொட்டாசியம். வெற்றிட கிரீஸ் சிலிக்கானைத் தரும். அகேட் உரலும் பாலித்தீன் இடுக்கியும் வாங்கும் செலவு, வீணாகும் ஒரு கற்றை நாளின் செலவில் ஒரு துளி.

இருக்கக்கூடாத இடத்தில் சின்ன முகடு

இந்த வகையில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. நிதானமாகப் போவோம்.

இலைத்தூள், எலும்பு, சுண்ணாம்புக்கல் போன்ற கால்சியம் மிகுந்த மாதிரியில் நிக்கல் வந்திருக்கிறது என்று வையுங்கள். நிக்கலின் கே-ஆல்பா 7.48 கேஇவியில் இருக்கும். (கே, எல், எம் என்பவை கதிர் பிறக்கும் எலக்ட்ரான் கூடுகள்; ஆல்பா, பீட்டா, காமா ஒவ்வொரு கூட்டுக்கும் உரிய கோடுகளின் பெயர்கள்.) கால்சியத்தின் கே-ஆல்பா 3.69. இரண்டு கால்சியம் கதிர்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் டிடெக்டருக்குள் நுழைந்தால், மின்னணுச் சுற்று அவற்றை ஒரே துடிப்பாக எண்ணி 7.38-இல் பதிவு செய்யும். நிக்கலுக்கும் அதற்கும் இடைவெளி 0.1 கேஇவிகூட இல்லை. இதுதான் கூட்டு முகடு. பொட்டாசியமும் அதே மாதிரியில் மிகுந்திருந்தால் 3.31-உம் 3.69-உம் கூடி 7.00-இல் இன்னொன்று எழும். அதை அவசரக்காரர்கள் கோபால்ட் என்று எழுதிவிடுவார்கள். இரும்பு மிகுந்த மண்ணிலும் துருவிலும் 12.81-இல் வரும் கூட்டு முகடு, ஈயத்தின் எல்-பீட்டா இருக்கும் 12.6-ஐ ஒட்டி நிற்கும்.

இதைப் பிடிக்கும் சோதனை எளிது. கற்றை மின்னோட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். மொத்த மின்னூட்டம் முன்பு எவ்வளவோ அவ்வளவே சேரும்வரை, அதாவது இரு மடங்கு நேரம், ஓட்டுங்கள். உண்மையான தனிமத்தின் எண்ணிக்கை மாறாது. கூட்டு முகடு பாதியாகக் குறையும், ஏனெனில் இரண்டு கதிர்கள் சந்திக்கும் வாய்ப்பு எண்ணிக்கை வீதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துடிப்புக் குவிவை விலக்கும் சுற்று இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அந்தச் சுற்று இருக்கிறது என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கி வரும் இரட்டைகள் எப்போதும் உண்டு.

மின்னோட்டத்தைக் குறைத்தும் முகடு அசையவில்லையா? அடுத்த சந்தேகம் தப்பிய முகடு. டிடெக்டருக்குள் நுழையும் கதிர் சிலிக்கான் அணுவைத் தாக்கி, அந்த அணு வெளியிடும் 1.74 கேஇவி கதிர் படிகத்தைவிட்டு வெளியே தப்பிவிட்டால், மிச்சம் மட்டுமே பதிவாகும். ஆகவே ஒவ்வொரு பெரிய முகட்டுக்கும் 1.74 கீழே ஒரு குட்டி நிற்கும். இரும்பின் 6.40-க்கு அது 4.66-இல்: டைட்டானியத்தின் 4.51-க்கும் பேரியத்தின் எல்-பீட்டாவுக்கும் நடுவே. தாமிரத்தின் 8.05-க்கு 6.31-இல்: இரும்பின் வாசலில். தாமிர உலோகக் கலவையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான இரும்பைத் தேடுபவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கால்சியத்துக்கு 1.95-இல்: பாஸ்பரஸின் 2.01-ஐ உரசிக்கொண்டு.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. டிடெக்டருக்கு முன்னால் உள்ள உறிஞ்சித் தாளைத் தடிமனாக்குங்கள். உண்மையான டைட்டானியமாக இருந்தால், 4.5 கேஇவி கதிர் 6.4-ஐவிட எளிதில் உறிஞ்சப்படும் என்பதால், இரும்போடு ஒப்பிடும்போது அது சரிந்துவிடும். தப்பிய முகடோ டிடெக்டருக்குள்ளேயே பிறப்பது. அது இரும்போடு கட்டிப்போட்டதுபோல் அதே விகிதத்தில் இறங்கும். குபிக்ஸ் போன்ற மென்பொருள்கள் தப்பிய முகடுகளையும் கூட்டு முகடுகளையும் தாமே கணக்கிட்டுக் கழிக்கும். எனினும் அந்தக் கழிவு சரியாக நடந்ததா என்பதை எஞ்சிய வரைபடத்தில் கண்ணால் பாருங்கள். பொருத்திய கோட்டுக்கும் அளந்த புள்ளிகளுக்கும் இடையே அலை அலையாக மேடுபள்ளம் தெரிந்தால் ஏதோ ஒரு கோடு பட்டியலில் விடுபட்டிருக்கிறது.

ஆர்செனிக்கா, ஈயமா?

நிலத்தடி நீர், வண்ணப்பூச்சு, மண் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். தவறாகப் பதில் சொன்னால் ஒரு ஊரையே அது பயமுறுத்தும். ஆர்செனிக்கின் கே-ஆல்பா 10.54 கேஇவி, ஈயத்தின் எல்-ஆல்பா 10.55. எந்தச் சிலிக்கான் டிடெக்டராலும் இவற்றைப் பிரிக்க முடியாது. 10.5-இல் நிற்கும் முகட்டை மட்டும் பார்த்து எதையும் எழுதாதீர்கள்.

துணைக்கோடுகளைத் தேடுங்கள். ஈயம் இருந்தால் 12.6-இல் எல்-பீட்டாவும் 14.8-ஐ ஒட்டி எல்-காமாவும் இருந்தே ஆக வேண்டும். அதிலும் எல்-பீட்டா ஏறத்தாழ எல்-ஆல்பாவின் உயரத்துக்கே வரும், ஆகையால் ஒளிந்துகொள்ள இடமில்லை. 10.5-இல் ஆயிரம் எண்ணிக்கைகள் இருந்து 12.6-இல் ஒன்றும் இல்லையென்றால் அது ஈயம் அல்ல. ஆர்செனிக்கை உறுதிசெய்வது இதைவிடக் கடினம். அதன் கே-பீட்டா 11.73-இல் வரும், ஆனால் உயரம் கே-ஆல்பாவில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. பக்கத்திலேயே 11.92-இல் புரோமின் உட்கார்ந்திருக்கும். கடற்கரைக் காற்றின் தூசியிலும் நெருப்புத் தடுப்பான் கலந்த பிளாஸ்டிக்கிலும் புரோமின் சாதாரணம். இரண்டும் கலந்த மாதிரியில் ஈயத்தின் பங்கை 12.6-இலிருந்து கணக்கிட்டு 10.5-இலிருந்து கழிக்க வேண்டும். கழித்தபின் எஞ்சுவது கழித்ததன் பிழைவரம்பைவிடப் பெரிதாக இல்லையென்றால் ‘ஆர்செனிக் இந்த அளவுக்குக் கீழே’ என்று எல்லையை மட்டும் எழுதுங்கள். அது நேர்மையான விடை, பயனுள்ள விடையும்கூட.

கந்தகத்திலும் இதே கதை. கந்தகம் 2.31, ஈயத்தின் எம்-ஆல்பா 2.35, மாலிப்டினத்தின் எல்-ஆல்பா 2.29. ஈய வெள்ளை பூசிய ஓவியத்தில் கந்தகம் இருக்கிறது என்று சொல்லும் முன் 10.55-ஐயும் 12.6-ஐயும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தடுத்த தனிமங்கள் சங்கிலியாக வருகின்றன

டைட்டானியத்தின் கே-பீட்டா 4.93, வனேடியத்தின் கே-ஆல்பா 4.95. வனேடியத்தின் கே-பீட்டா குரோமியத்தின் மேல் விழுகிறது. குரோமியத்தின் கே-பீட்டா 5.95-இல், மாங்கனீசின் 5.90-ஐத் தொட்டுக்கொண்டு. மாங்கனீசின் கே-பீட்டா இரும்பின் மேல். இரும்பின் கே-பீட்டா 7.06-இல், கோபால்ட்டின் 6.93-க்கு 0.13 கேஇவி தள்ளி. ஆகவே முன்னால் உள்ள தனிமத்தின் கே-பீட்டாவும் கே-ஆல்பாவும் எந்த விகிதத்தில் நிற்க வேண்டுமோ அதைப் பூட்டிவிட்டுத்தான் பின்னால் உள்ளதை அளக்க முடியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மண்ணில் இரும்பு 3 சதவீதம். அதன் கே-பீட்டா, கே-ஆல்பாவில் சுமார் 13 சதவீதம். அப்படியானால் 7.06-இல் நிற்கும் முகடு கிட்டத்தட்ட 4,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,000 பங்கு) அளவுள்ள ஒரு தனிமத்தின் முகட்டுக்குச் சமம். அதன் தோளில் 20 பிபிஎம் கோபால்ட்டைத் தேடுகிறோம். விகிதத்தில் ஒரு சதவீதப் பிழை வந்தாலே 40 பிபிஎம் பொய்க் கோபால்ட் பிறந்துவிடும். மண்ணிலும் எஃகிலும் பிக்ஸி சொல்லும் கோபால்ட் மதிப்பை நான் நம்புவதில்லை. வேறு முறைக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

பேரியமும் டைட்டானியமும் (4.47, 4.51) மோதும்போது நிலைமை இவ்வளவு மோசமில்லை. பேரியத்துக்கு 4.83-இலும் 5.53-இலும் தனிக்கோடுகள் உண்டு.

பின்னணி மேலே எழுந்து நிற்கிறது

பின்னணி எழுவது ஒன்று. அது எந்த வடிவில் எழுகிறது என்பது வேறு. வடிவம்தான் காரணத்தைச் சொல்லும்.

புரோட்டான் மோதி வெளியேற்றும் எலக்ட்ரான்கள் தடைக்கதிர்களை உண்டாக்கும். இது இயல்பானது, தவிர்க்க முடியாதது. தனித்து நிற்கும் எலக்ட்ரானுக்கு 2.5 எம்இவி புரோட்டான் கொடுக்கக்கூடிய உச்ச ஆற்றல் சுமார் 5.4 கேஇவி, 3 எம்இவியில் 6.5. எனவே அந்த ஆற்றல்வரை ஒரு மேடும் அதன்பின் செங்குத்தான சரிவும் தெரிந்தால் ஏற்பாடு ஆரோக்கியமாக இருக்கிறது. மேடு நிறமாலையின் கீழ்ப்பகுதியை நிரப்பி டிடெக்டரைத் திணறடித்தால், உறிஞ்சித் தாளால் அதை அடக்கலாம்.

அந்தச் சரிவு வராமல் பின்னணி 10, 20 கேஇவி தாண்டியும் வழவழப்பாக நீண்டால் மாதிரி மின்னேற்றம் அடைகிறது. கண்ணாடி, பீங்கான், உலர்ந்த மாத்திரைத்தூள் போன்ற மின்கடத்தாப் பொருளில் வந்து தங்கும் மின்னூட்டத்துக்கு வெளியேற வழியில்லை. மேற்பரப்பின் மின்னழுத்தம் பல கிலோவோல்ட்டுக்கு ஏறும். சுற்றியுள்ள எலக்ட்ரான்களை அது இழுத்து முடுக்கும். அவை மோதும் இடத்தில் தடைக்கதிர்கள் கிளம்பும். இடையிடையே மின்னிறக்கமும் நடக்கும். எண்ணிக்கை வீதம் சீராக இல்லாமல் குதித்துக் குதித்து விழுந்தால் இதுவே காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். மேற்பரப்பில் மெல்லிய கார்பன் பூச்சு போடுங்கள். அதன் ஓரம் பிடியின் உலோகத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் பூச்சால் பயனில்லை. தூளாக இருந்தால் தூய கிராஃபைட் தூளோடு கலந்து அழுத்துங்கள். நீர்த்துப்போவதால் உணர்திறன் குறையும், அந்த விலையைக் கொடுக்கலாம். மாதிரியைத் தொடவே கூடாது என்றால் அதன் அருகே சூடான இழை ஒன்றை வைத்து எலக்ட்ரான்களைத் தெளிக்கலாம். அரும்பொருள் என்றால் கற்றையையே வெளியே எடுத்துவிடுவது மேல். பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் உள்ள அக்லே முடுக்கி அப்படித்தான் கற்றையைக் காற்றுவெளிக்குக் கொண்டுவந்து வேலை செய்கிறது.

மூன்றாவது வடிவம்: தரை முழுவதும் ஒரே மட்டத்தில் உயர்ந்து, 30 கேஇவிக்கு அப்பாலும் இறங்காமல் ஓடும். இது காமா கதிர். புரோட்டான் சில இலேசான அணுக்கருக்களோடு வினைபுரிகிறது. ஃபுளோரின், சோடியம், லித்தியம், அலுமினியம் ஆகியவை முக்கியமானவை. டெஃப்ளான் ஃபில்டரில் தூசி சேகரித்து வந்திருந்தால் ஃபுளோரின் உங்கள் நிறமாலையை மூழ்கடித்துவிடும். அடுத்த முறை பாலிகார்பனேட் ஃபில்டரைக் கேளுங்கள். மாதிரியை மாற்ற முடியாதபோது புரோட்டான் ஆற்றலை 2 எம்இவிக்குக் குறைத்துப் பாருங்கள். துளைத்தட்டுகளும் கற்றை போய் நிற்கும் கிண்ணமும் கிராஃபைட்டில் இருக்கட்டும். டிடெக்டர் படிகம் மெல்லியதாக இருந்தால் காமா அதில் குறைவாகவே மாட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர்கள் இந்த விஷயத்தில் பழைய தடித்த படிகங்களைவிட நல்லவை.

லித்தியமும் பெரிலியமும் உள்ள மாதிரிக்குத் தனி எச்சரிக்கை. லித்தியம் 1.88 எம்இவிக்கு மேலும், பெரிலியம் 2.06-க்கு மேலும் நியூட்ரான்களை வெளியிடத் தொடங்கும். மாதிரியின் கூட்டமைவைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மின்கலப் பொருட்கள் கொண்டுவருபவர்கள் இதை மறக்கவே கூடாது.

இலேசான தனிமங்கள் மட்டும் குறைகின்றன

சிலிக்கான், அலுமினியம், சோடியம் நாளுக்கு நாள் குறைந்து வர, இரும்பும் துத்தநாகமும் அசையாமல் நிற்கின்றன. டிடெக்டருக்கு முன்னால் ஏதோ படிந்திருக்கிறது. திரவ நைட்ரஜனில் குளிரும் பழைய டிடெக்டர்களில் படிகத்தின் மேல் பனிப்படலம் வளர்வது பழகிய நோய். எண்ணெய்ப் பம்பு உள்ள அறையில் சாளரத்தின் மேல் எண்ணெய் படியும். பனி என்றால் டிடெக்டரை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் குளிர்விக்கலாம். ஆனால் உயர் மின்னழுத்தத்தை முதலில் அணைத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன வரிசையில் மட்டும்.

முதல் நாளிலிருந்தே குறைவாக இருந்தால் சாளரமும் உறிஞ்சித் தாளும்தான் காரணம். 25 மைக்ரான் பெரிலியம் சோடியத்தின் 1.04 கேஇவி கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 8 மைக்ரான் சாளரம் இருந்தால் நிலைமை தேறும். ஆனால் இங்கே ஓர் இக்கட்டு: மாதிரியிலிருந்து பின்னோக்கிச் சிதறும் 2.5 எம்இவி புரோட்டான்களை இந்தச் சாளரங்கள் எதுவும் தடுக்காது. அவை டிடெக்டருக்குள் புகுந்தால் நிறமாலை கெடும்; நாளடைவில் படிகமும் கெடும். ஆகவே இரண்டு டிடெக்டர்கள் வைப்பதுதான் நல்ல தீர்வு: சிறியது, உறிஞ்சித் தாள் இல்லாமல் தூரத்தில், புரோட்டான்களை விலக்க ஒரு காந்தத்தோடு, இலேசானவற்றுக்கு; பெரியது, தடித்த மைலார் (பிளாஸ்டிக்) தாளோடு அருகில், கனமானவற்றுக்கு. ஒரே டிடெக்டர்தான் இருக்கிறது என்றால் நடுவே சிறு துளையிட்ட உறிஞ்சித் தாளைப் பயன்படுத்தலாம். துளை வழியே இலேசான தனிமங்களின் கதிர்களில் ஒரு சிறு பங்கு மட்டும் வரும், தாள் வழியே கனமானவை முழுதாக வரும். அந்தத் துளை வழியே புரோட்டான்களும் சிறிதளவு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கற்றையைக் காற்றில் எடுத்தவர்களுக்கு 2.96-இல் ஆர்கான் முகடு வரும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். அது மாதிரியில் இல்லை. ஹீலியத்தை ஓடவிட்டால் ஆர்கான் மறையும், மறைந்திருந்த அலுமினியமும் சிலிக்கானும் வெளியே வரும். ஆர்கான் முகட்டின் உயரத்தையே ஹீலியம் சரியாக ஓடுகிறதா என்று காட்டும் மானியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எல்லா மதிப்புகளும் ஒரே விகிதத்தில் தவறு

தர மாதிரியை அளந்தால் எல்லாத் தனிமங்களும் 20 சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்றால் தனிமத்தைக் குறை சொல்லாதீர்கள். மின்னூட்டக் கணக்கைப் பாருங்கள். புரோட்டான் விழும் இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறினால், மின்னோட்டமானி அதையும் உள்ளே வந்த நேர்மின்னூட்டமாகவே எண்ணும். கிண்ணத்துக்கு முன்னால் உள்ள வளையத்தில் எதிர் மின்னழுத்தம் கொடுத்து அந்த எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தைப் படியுங்கள். மதிப்பு இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிடும் இடம்தான் சரியான இடம். மின்கடத்தா மாதிரிகளில் இந்த வழி எடுபடாது. அப்போது பின்சிதறிய புரோட்டான்களை எண்ணி அதைக்கொண்டு நியமப்படுத்துங்கள்.

செயலற்ற நேரத்தையும், அதாவது ஒரு துடிப்பைக் கையாளும்போது அடுத்ததை ஏற்க முடியாத நேரத்தையும், பாருங்கள். டிடெக்டர் பத்து சதவீதத்துக்கு மேல் திணறிக்கொண்டிருந்தால், திருத்தக் கணக்கை நம்புவதைவிடக் கற்றையைக் குறைப்பது மேல்.

விகிதம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இல்லாமல் ஆற்றலோடு சேர்ந்து மாறினால் நோய் வேறு. பல தூய தனிமங்களை அளந்து, குபிக்ஸில் எச் என்று குறிக்கும் கருவி மாறிலியை ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு, ஆற்றலுக்கு எதிராக வரைந்துபாருங்கள். அது கிடைக்கோடாக இருக்க வேண்டும். கீழ் ஆற்றலில் மட்டும் வளைந்தால் சாளரத்தின் தடிமன் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது பனி படிந்திருக்கிறது. நடுவில் வளைந்தால் உறிஞ்சித் தாளின் தடிமன் தவறு. மேல் ஆற்றலில் சரிந்தால் படிகத்தின் தடிமன். இந்த ஒரு வரைபடம் பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும். ஒவ்வொரு கற்றை நேரத்தின் தொடக்கத்திலும் இதை எடுங்கள்.

தடித்த மாதிரிகளில் இன்னொன்று. கற்றை பல பத்து மைக்ரான் ஆழம் நுழைந்தாலும் சோடியம், அலுமினியம் போன்றவற்றின் கதிர் மேல் சில மைக்ரான்களிலிருந்து மட்டுமே வெளியே வர முடியும். தூள் கொரகொரப்பாக இருந்தால், மேற்பரப்பு சாய்ந்திருந்தால், இலேசான தனிமங்களின் மதிப்பு முதலில் கெடும். மண்ணைச் சில மைக்ரான் அளவுக்கு அரைத்து வழவழப்பான வில்லையாக அழுத்துங்கள்.

இரண்டாம் முறை அளந்தால் எண் மாறுகிறது

குளோரின், புரோமின், கந்தகம் ஓட்டத்துக்கு ஓட்டம் குறைந்தால் கற்றை அவற்றை ஆவியாக்குகிறது. காற்றுத்தூசி ஃபில்டர்களில் இது அடிக்கடி நடக்கும். உயிர்ப்பொருள் மாதிரியில் எதிர்த் திசையிலும் ஓர் ஏமாற்று உண்டு: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் போய்விட மாதிரியின் எடை குறையும், இரும்பும் துத்தநாகமும் செறிவு கூடியதுபோல் தெரியும். ஒரே நீண்ட ஓட்டத்துக்குப் பதில் மின்னூட்டத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாகச் சேமியுங்கள். துண்டுக்குத் துண்டு எண் ஒரே பக்கமாகச் சரிந்தால் இழப்பு நடக்கிறது. கற்றையை அகலமாக்கி மின்னோட்டத்தைக் குறையுங்கள். முதல் துண்டின் மதிப்பை அறிக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கற்றை பட்ட இடம் பழுப்பாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் சோதனைதான்.

முகடுகள் அகன்று தடித்துவிட்டன

கற்றையை நிறுத்திவிட்டு இரும்பு-55 மூலத்தை வையுங்கள். மாங்கனீசின் 5.9 கேஇவி முகடு நல்ல டிரிஃப்ட் டிடெக்டரில் 130 எலக்ட்ரான் வோல்ட் அகலத்தில் வரும். பழைய லித்தியம் ஊறிய டிடெக்டரில் 150-ஐ ஒட்டி. மூலத்தில் சரியாக இருந்து கற்றையில் மட்டும் அகன்றால் எண்ணிக்கை வீதம் அதிகம். மூலத்திலேயே அகன்றிருந்தால் பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதிர்வு என்றால் உடனே தெரியும். பிறகு நிலத்தொடர்பு. முடுக்கியின் தரையும் டிடெக்டரின் தரையும் இரண்டு வழியாக இணைந்திருந்தால் மின்னிரைச்சல் புகும்.

காட்மியம் கிடைக்கவில்லை

கீரையில் காட்மியம் பார்க்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் அதிகம். காட்மியத்தின் எல்-ஆல்பா 3.13-இல், பொட்டாசியத்தின் 3.31-க்குக் கீழே மறைகிறது. அதன் எல்-பீட்டாவோ 3.32, பொட்டாசியத்தின் மேலேயே விழுகிறது. இலையில் பொட்டாசியம் சதவீதக் கணக்கில் இருக்கும். கே கோடு 23 கேஇவிக்கு மேலே. அங்கே இந்த ஆற்றலுள்ள புரோட்டானுக்கு அயனியாக்கும் திறன் குறைவு, மெல்லிய டிடெக்டரும் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தவறவிடும். கற்றையை நீட்டினால் கிடைக்குமா என்று கேட்பார்கள். கண்டறியும் எல்லை பின்னணியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் எல்லை பாதிதான் இறங்கும். ஒரு மணி நேரத்தில் 20 பிபிஎம் எல்லை என்றால், 5 பிபிஎம்மைத் தொடப் பதினாறு மணி நேரம் வேண்டும். அதற்குள் இலை கருகிவிடும். கால்சியத்திலிருந்து துத்தநாகம், புரோமின், ஸ்ட்ரான்சியம்வரை அதே இலையில் பிக்ஸி பத்து நிமிடத்தில் தரும், அவற்றை அளந்துகொள்ளுங்கள். காட்மியத்துக்கு மீதி இலைத்தூளை அமிலத்தில் கரைத்து ஐசிபி (பிளாஸ்மா) நிறைநிறமாலைமானி உள்ள சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.